இரண்டாவது சாவி

பாலையூற்றில் என் கடை.
பலகையில் 'ஒட்டோ வயரிங்' மட்டும்தான் மிச்சம்,
பெயரை உப்புக்காற்று தின்று வருசம் நாலு.

பங்குனி முடிகிற ஒரு மத்தியானம்
வெள்ளை அக்சியோவில் வந்தார் பவளராணி மிஸ்.
பெரியாசுப்பத்திரி, மூன்றாம் மாடி, ஆண்கள் வார்ட்.
"டியூட்டி முடிஞ்சு வந்தால்
ஸ்டியரிங் தோசைக்கல், அண்ணை.
நான் மேல ஜன்னலில நிண்டு அமத்த
அது கீழ ஏசியைப் போட்டுக்கொண்டு நிக்கவேணும்."

பெட்டியைத் திறந்து காட்டினேன்.
சீனத்துச் சாமான். ஒரு வருச உத்தரவாதம்,
அதுவும் என் வாய்ச்சொல்லில்.
இக்னிஷன் வயர், செல்ஃப் வயர், பிரேக் வயர்,
மூன்று மணித்தியால வேலை.
பிறகுதான் கேட்டேன்,
கேட்காமல் இந்த மொடலுக்கு ஏலாது:
"மற்றச் சாவி இருக்கோ?"

சாவியின் தலைக்குள்
அரிசிமணி அளவில் ஒரு சில்லு இருக்கிறது.
அதன் வாசம் பட்டால்தான் எஞ்சின் பெற்றோல் குடிக்கும்.
ஆகவே ஒரு சாவியை
டாஷ்போர்ட்டுக்குள் வைத்துக் கட்டிவிடுவோம்.
தூர நின்று பொத்தானை அமத்துகிற நேரம்
ஆள் உள்ளேதான் இருக்கிறார் என்று
கார் நினைத்துக்கொள்ளும்.

மிஸ் காரைப் பார்க்கவில்லை.
என் மேசையில் கிடந்த பழைய ஃபியூஸ்களில்
ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.
எரிந்ததுதான்.
"அது அவரிட்ட இருக்கு."

எந்த அவர் என்று கேட்பது வயரிங்காரன் வேலையில்லை.
புதிதாகச் செய்விக்க இருபத்தையாயிரம் போகும் என்றேன்.
"வேண்டாம். கேட்டுப் பார்க்கிறன்."

பதினொரு நாள் கழித்து
கல்முனை முத்திரை குத்திய உறை ஒன்று
என் மேசைக்கு வந்தது, அவர் கையாலேயே.
பேப்பர்த் துண்டில் சுற்றிய சாவி.
கடிதம் இல்லை.
வளையத்தையும் கழற்றி வைத்துக்கொண்டிருக்கிறான் மனுசன்.
அது என்ன வளையமோ,
அதைப் பற்றித்தான் மிஸ் இரண்டுதரம் சொன்னார்.

வாளால் சாவியின் நாக்கை அறுத்தேன்.
பூட்டுக்குள் அதற்கு இனி அலுவல் இல்லை.
கறுத்தத் தலையைச் சுற்றிச் செப்புக்கம்பி,
மேலே டேப், அதற்கு மேலே கேபிள் டை இரண்டு.
ஸ்டியரிங் தண்டுக்குப் பின்னால்
விரல் மட்டும் போகிற இடத்தில் இறுக்கிவிட்டு
மூடியைப் பூட்டினேன்.
ஒரு ஸ்குரூ மிஞ்சியது.
எப்போதும் ஒன்று மிஞ்சும்.

தூரம் பார்க்கவேண்டும் என்று
கடற்கரைக்குக் கொண்டுபோனோம்.
காரை நிறுத்திக் கதவைச் சாத்தி
மணலில் நடந்தோம். ஐம்பது அடி, நூறு அடி.
திரும்பிப் பார்த்தால்
காரின் நிழலில் மான் ஒன்று படுத்திருக்கிறது.
இந்த ஊர் மானுக்கு என்ன பயம்,
கடலைக்காரனின் வண்டிக்குள்ளேயே வாயை வைக்கும்.

மிஸ் பொத்தானை அமத்தினார்.

லைட் இரண்டுதரம் சிமிட்டியது.
செல்ஃப் இழுத்தது, எஞ்சின் பிடித்தது.
மான் எழுந்து
டிரைவர் சீட்டை எட்டிப் பார்த்தது,
பிறகு எங்களைப் பார்த்தது.
சிரிப்பேன் என்று நினைத்தேன், வரவில்லை.

"ஒருத்தரும் போய் ஏறாட்டி?"

"பத்து நிமிசம் ஓடும். பிறகு தானாக நிண்டிடும்."

ஏசி குளிர்ந்திருக்கும், போய் இருக்கலாம்.
நானும் வெயிலில்தான் நிற்கிறேன்.
மிஸ் அசையவில்லை, நேரத்தையும் பார்க்கவில்லை.
வெற்றுக் கார் தன்பாட்டில் உறுமிக்கொண்டிருந்தது,
அடியில் தண்ணீர் சொட்டி மணல் கறுத்தது,
மான் அந்த ஈரத்தை மணந்துவிட்டுப் போயிற்று.
குடாவில் ஒரு வள்ளம் கரைக்கு வந்து
மீனை இறக்கிப் பாதியும் முடித்துவிட்டது.

நின்றது.

"சரியாத்தான் வேலை செய்யுது" என்றார்,
கைப்பையைத் திறந்து
காசை எண்ணத் தொடங்கினார்.